டெயிலர் கண்ட போரின் மூலங்கள்: ஒரு மதிப்பீடு

இரண்டாவது உலகப் போர் ஏன் மூண்டது என்னும் வினாவுக்கு, அப்போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் வரை, கற்றோரிடையே பெரும்பாலும் ஒரே விடைதான் வழங்கி வந்தது. ஹிட்லர் போரை விரும்பினான், திட்டமிட்டான், திட்டமிட்டவாறே நடத்தினான் என்பது அவ்விடை. 1945-46இல் நூரம்பேர்க்கில் கூடிய நீதிமன்றம் அதற்கு முத்திரையும் இட்டது. 1961ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் வரலாற்றாசிரியர் ஏ. ஜே. பி. டெயிலர் 'இரண்டாவது உலகப் போரின் மூலங்கள்' என்னும் நூலை வெளியிட்டு அம்முத்திரையை உடைத்தார். அன்று எழுந்த ஆரவாரம் ஓய்ந்து பல்லாண்டுகள் ஆயின; ஆசிரியரும் 1990இல் மறைந்தார். எனினும் இவ்விடயத்தைக் கற்கப் புகுவோர் எவரும் அந்நூலைத் தாண்டிச் செல்லுதல் இன்றும் எளிதன்று.

டெயிலரின் வாதம் சுருங்கக் கூறின் இதுவே. வெளிநாட்டுக் கொள்கையில் ஹிட்லர் புதுமையானவன் அல்லன். வெர்சேய் உடன்படிக்கையைக் கலைத்து, ஜேர்மனியை ஐரோப்பாவின் முதல் வல்லரசாக்குதல் அவனுக்கு முந்திய ஜேர்மன் அரசியலாளரின் நோக்கமும் ஆகும். அவனிடம் காலக்குறிப்பு எதுவும் இருக்கவில்லை. அவன் காத்திருந்தான், பிறர் வாய்ப்பை அவன் கையிற் கொடுத்தனர். 1938 மார்ச்சில் ஒஸ்திரிய நெருக்கடியை முற்றவைத்தது அந்நாட்டுத் தலைவர் திடீரென அறிவித்த மக்கள் வாக்கெடுப்பு. செப்டெம்பரில் செக்கோசிலோவாக்கியாவைத் துண்டாடும் யோசனையைச் சுமந்து பறந்தவர் பிரித்தானியப் பிரதமர் சேம்பர்லேன். 1939இல் மூண்ட போரோ இருதரப்பு இராசதந்திரிகளும் இழைத்த தவறுகளின் விளைவு.

இந்நூலை ஹிட்லருக்குப் பரிந்து பேசும் நூல் என்று தூற்றியோர் அதனைச் சரிவரப் படித்தவர் ஆகார். பழி முழுவதையும் இறந்துபோன ஒருவன் தலையிற் சுமத்திவிட்டால், உயிரோடிருக்கும் அனைவரும் கைகழுவிக் கொள்ளலாம். இலண்டனிலும் பாரிசிலும் இருந்த அமைச்சர்களுக்கும், அவனைப் பின்பற்றிய இலட்சோபலட்சம் மக்களுக்கும் அது மிக வசதியான வரலாறு. அவ்வசதியை டெயிலர் பறித்தமை பெருந்தொண்டு. அவரது நடையும் கூரிய வாள் போன்றது; சில இடங்களில் வாளின் அழகில் மயங்கி, வெட்டத்தக்கது எது என்பதை அவர் மறந்துவிடுகிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவரை முதலில் வன்மையாகத் தாக்கியவர் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூ திரெவர்-ரோப்பர். ஹிட்லர் தன் நூலில் வெளிப்படையாகக் கூறிய கிழக்குத்திசை நாடுபிடிக்கும் நோக்கத்தை டெயிலர் வெறும் பகற்கனவாகத் தள்ளிவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. 1964இல் டிம் மேசன், நாசி ஆட்சியின் பொருளாதாரமும் சமூக இயல்பும் இந்நூலில் இடம்பெறவில்லை என்று காட்டினார். இரண்டும் தக்க கண்டனங்களே. நாம் இங்கு எழுப்ப விரும்புவது வேறொன்று. அது டெயிலரின் சொந்த வாக்குமூலத்திலிருந்தே பிறப்பது.

யூதர் மீதுகொண்ட பகைமை ஒன்றே, மியூனிக்கில் அரசியலைத் தொடங்கிய நாள் முதல் நிலவறையில் மாண்ட நாள் வரை, ஹிட்லர் உண்மையாகவும் இடையறாதும் நம்பிய கொள்கை என்று டெயிலர் தாமே எழுதுகிறார். ஏனைய எல்லாவற்றிலும் சமயத்துக்கேற்ப நடந்த ஒருவனிடம் மாறாத நம்பிக்கை ஒன்று இருந்ததெனின், அது அவனுடைய வெளிநாட்டுக் கொள்கையை எவ்வாறு தொட்டது என்று கேட்பதன்றோ வரலாற்றாசிரியன் முதற்கடன்? அவர் கேட்கவில்லை. யூதர்பட்ட துன்பத்தை உள்நாட்டு விடயம் என்னும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் தூதுவர்களின் கடிதங்களைப் படிக்கச் செல்கிறார். நம் மாணவர் குறிப்பேடுகளிலும் 'உள்நாட்டுக் கொள்கை', 'வெளிநாட்டுக் கொள்கை' என இரு தலைப்புகள் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவரும் உண்டு. பேர்லினில் அச்சுவர் இருந்ததா என்பதே வினா.

டெயிலர் மிகுந்த திறமையுடன் தகர்க்க முயன்ற சான்று ஹொஸ்பாக் குறிப்பு. 1937 நவம்பர் 5ஆம் நாள் ஹிட்லர் தன் படைத்தலைவர்களுக்கும் வெளிநாட்டமைச்சருக்கும் ஆற்றிய உரையின் சுருக்கம் அது. அதிற் கூறப்பட்ட போர்க் கற்பனைகள் எவையும் பின்னர் அவ்வாறே நிகழவில்லை. ஆகவே அது திட்டமன்று, உள்நாட்டுச் சூழ்ச்சி என்கிறார். கற்பனைகளைப் பொறுத்தவரை அவர் கூற்று பெரும்பாலும் சரியே. ஆனால் அக்குறிப்பில் வேறொரு வரியும் இருக்கிறது. ஒஸ்திரியாவையும் செக்கோசிலோவாக்கியாவையும் இணைத்தால் ஐம்பது அறுபது இலட்சம் பேருக்கு உணவு கிடைக்கும். அதற்குச் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து இருபது இலட்சம் பேரையும் ஒஸ்திரியாவிலிருந்து பத்து இலட்சம் பேரையும் கட்டாயமாக வெளியேற்றுதல் கைகூட வேண்டும் என்பது அவ்வரி. எல்லையைத் திருத்தும் பழைய இராசதந்திரி நிலத்தோடு மக்களையும் பெற்றுக்கொள்வான். இங்கோ நிலம் வேண்டும், மக்கள் வேண்டாம்.

1938ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தைச் சற்று நின்று நோக்குவோம். செப்டெம்பர் 29ஆம் நாள் நான்கு அரசுத் தலைவர்கள் மியூனிக்கிற் கூடினர். அந்த நாள் எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அதே நாளிற் பேர்லினில் ஜேர்மனியும் சுவிற்சர்லாந்தும் வேறோர் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. ஒஸ்திரியா வீழ்ந்தபின் எல்லை கடந்துவந்த யூதரைப் பிரித்தறிய வழி தேடிய சுவிஸ் அரசுடன் நிகழ்ந்த பேச்சின் முடிவு அது. அதன் பயனாக, அக்டோபர் தொடக்கத்தில், ஜேர்மன் யூதரின் கடவுச்சீட்டுகளில் 'ஜே' என்னும் எழுத்துச் சிவப்பு நிறத்திற் பொறிக்கப்பட்டது. இதுவும் இரு நாட்டு அலுவலர் மேசையிலமர்ந்து பேசி முடித்த இராசதந்திரமே.

அக்டோபர் 24ஆம் நாள் வெளிநாட்டமைச்சன் ரிபென்ட்ரொப் போலந்துத் தூதுவரை அழைத்து, டான்சிக் நகரையும் போலந்து நிலத்தினூடாகச் செல்லும் பாதையையும் முதன்முறையாகக் கேட்டான். 1939 செப்டெம்பர் போருக்கு இட்டுச்சென்ற வழி இங்கேதான் தொடங்குகிறது. அதற்கு நாலைந்து நாட்களில், ஜேர்மனியில் வாழ்ந்த போலந்துக் குடியுரிமையுடைய யூதர் ஏறத்தாழ 17,000 பேர் இரவோடிரவாகப் பிடிக்கப்பட்டு எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டனர். போலந்தும் அவர்களை ஏற்க விரும்பவில்லை. வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தோரின் குடியுரிமையை நீக்க அவ்வாண்டு மார்ச்சிலேயே அது சட்டம் இயற்றியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் எல்லைப்புறச் சிற்றூரான ஸ்பொன்ஷினில் குதிரைக் கொட்டில்களிற் கிடந்தனர். அவர்களுள் ஒரு குடும்பத்தின் மகன், பதினேழு வயதினனான ஹெர்ஷெல் கிரின்ஸ்பான், நவம்பர் 7இல் பாரிசிலிருந்த ஜேர்மன் தூதரகத்துட் புகுந்து ஓர் அலுவலரைச் சுட்டான். 9ஆம் நாள் அவர் இறந்தார். அன்றிரவு ஜேர்மனியெங்கும் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின, ஏறத்தாழ 30,000 ஆடவர் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அமெரிக்கா தன் தூதுவரைப் பேர்லினிலிருந்து திருப்பி அழைத்தது. அவர் மீண்டும் அங்குச் செல்லவேயில்லை. இந்நிகழ்ச்சித் தொடரில் உள்நாட்டுக் கொள்கை எங்கே முடிந்தது, வெளிநாட்டுக் கொள்கை எங்கே தொடங்கிற்று என்று கோடு கிழித்துக் காட்டவல்லார் யார்?

நவம்பர் 12ஆம் நாள் கூடிய கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவன் கோரிங்: விமானப்படைத் தலைவன், படைக்கலப் பெருக்கத்துக்கென அமைந்த நான்காண்டுத் திட்டத்தின் பொறுப்பாளன். கொள்ளையிடப்பட்டவர் மீதே நூறு கோடி மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. அவர்களுக்குச் சேரவேண்டிய காப்புறுதிப் பணத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. ஆயுதச் செலவினால் ஜேர்மன் திறைசேரி திணறிக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

டெயிலரின் பக்கம் நின்று ஒருவர் கூறலாம்: யூதரைக் காக்க எந்த வல்லரசும் போருக்கு வரவில்லையே என்று. உண்மை. 1938 யூலையில் எவியன் நகரிற் கூடிய 32 நாடுகளின் பேராளர் அனுதாபத்தைத் தாராளமாக வழங்கினர். இடத்தை அவ்வாறு வழங்கவில்லை. பிரித்தானியா ஏன் போரிட்டது என்பதற்கு இது விடையன்று. ஆனால் போரின் மூலம் என்பது, அது ஏன் அந்நாளில் மூண்டது என்பது மட்டுமன்று. ஏன் அத்தகைய போராக மூண்டது என்பதுமாகும். 1939 செப்டெம்பரில் போலந்திற் புகுந்த படைகளின் பின்னே தனிக் கொலைப்பிரிவுகள் சென்றன; போலந்தின் கற்றோரையும் யூதரையும் சுட்டன. அம்மாதம் 21ஆம் நாளே, யூதரை இரயில் பாதையோர நகரங்களிற் குவிக்குமாறு ஹைட்ரிக் கட்டளையிட்டான். வெர்சேய் உடன்படிக்கையைத் திருத்த வந்த படைக்கு இவ்வேலை எதற்கு?

ஹிட்லரின் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே கிடந்தன என்பதற்கு அவனே தந்த சான்று ஒன்றுண்டு. 1939 சனவரி 30ஆம் நாள் பாராளுமன்றத்தில் அவன் பேசியபோது, உலகப் போர் ஒன்று மூளுமாயின் ஐரோப்பாவின் யூத இனம் அழியும் என அறிவித்தான். போர்க்காலத்தில் அதனைப் பன்முறை நினைவூட்டியவன், அதனை 1939 செப்டெம்பர் முதலாம் நாள், அதாவது போர் தொடங்கிய நாளிற் பேசியதாகவே குறிப்பிட்டு வந்தான்.

இச்செய்திகளெல்லாம் பின்னர்த்தான் வெளிவந்தன, 1961இல் டெயிலர் எங்ஙனம் அறிவார் என்று கேட்பின், பெரும்பகுதி நூரம்பேர்க் ஆவணங்களில் அச்சாகியே இருந்தது. அவர் நம்பிப் படித்த வெளிநாட்டமைச்சு ஏடுகளிலும் அது இல்லாமலில்லை. மியூனிக்கில் முசோலினி தன்னுடையது போல முன்வைத்த யோசனையை வரைந்தோருள் ஒருவர் அவ்வமைச்சின் செயலாளர் வைற்செக்கர். 1942 மார்ச்சில் பிரான்சிலிருந்து 6,000 யூதரை ஔஷ்விட்சுக்கு அனுப்புவது பற்றி அவ்வமைச்சின் கருத்துக் கேட்கப்பட்டபோது, ஆட்சேபம் இல்லை என்ற விடையிலும் அவர் கையொப்பக் குறி உண்டு. அதன்பொருட்டு 1949இல் அவர் தண்டனை பெற்றார். டெயிலரின் நூலிலோ அவர் போரைத் தவிர்க்க முயன்ற இராசதந்திரிகளுள் ஒருவராக மட்டுமே நடமாடுகிறார். 1963இல் நூல் மீண்டும் அச்சேறியபோது டெயிலர் புதிய முன்னுரை ஒன்றைச் சேர்த்துத் தம் கண்டனகாரருக்கு மறுமொழி கூறினார். நூலின் உடலில் இப்பகுதி அவ்வாறே நின்றது.