மாரடைப்பும் துடிப்பு நிற்றலும்

ஒருவர் திடீரென உயிர் துறந்தால், 'மாரடைப்பால் காலமானார்' என்றெழுதுவது நம் இதழ்களில் வழக்கமாகிவிட்டது. உறக்கத்தில் இறந்த முதியவர்க்கும் பந்தாட்டத் திடலில் வீழ்ந்த இளைஞர்க்கும் அவ்வொரு சொல்லே வழங்குகின்றது. இவ்வழக்கு பொருந்துமா என ஆராய்தல் தமிழாசிரியர் கடனாகும்.

மாரடைப்பாவது, இதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுதல். நெஞ்சு வலிக்கும், வியர்க்கும். ஆயினும் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டே இருக்கும். நோயாளி பேசவும் கூடும். மற்றொன்று இதனின் வேறு. இதயத்தை இயக்கும் மின்னோட்டம் சீர்குலைய, கீழறைகள் துடியாமல் நடுங்கும்; குருதியோட்டம் அறும்; சில நொடிகளில் நினைவு தப்பும். இதனைச் சிலர் 'இதய நிறுத்தம்' என்பர். நிறுத்து என்பது பிறவினை. நில் என்பது தன்வினை. இங்கே நிறுத்துவார் ஒருவருமிலர். ஆதலின் 'துடிப்பு நிற்றல்' என்பதே தகும்.

இவ்விரண்டும் தொடர்புடையன, ஆனால் ஒன்றல்ல. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் தம் 59ஆம் வயதில் மறைந்தார். இதயக் குழாய் ஒன்று முற்றும் அடைபட்டதும், அதனால் துடிப்பு சீர்குலைந்ததும் மருத்துவர் கூற்றால் வெளிப்பட்டன. அங்கே அடைப்பு காரணம். துடிப்புக் கேடு காரியம். இளையோரிடத்தோ, அடைப்பே இன்றிப் பரம்பரையாக வரும் தசைத் தடிப்பும் மின்னோட்டக் கோளாறும் காரணமாதல் உண்டு. ஓடும்போது மயங்கி வீழ்தலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் இறப்பு நேர்ந்திருத்தலும் அதற்கு முன்னறிகுறிகள். எல்லாவற்றையும் மாரடைப்பு என்றெழுதினால், உடன்பிறந்தாரைச் சோதிக்க வேண்டும் என்னும் எண்ணமே எழாது போகும்.

'மக்கள் வழக்கைத் திருத்துவதேன்?' எனச் சிலர் வினவலாம். பேச்சில் அது நிற்கட்டும். அச்சில் நின்றால், செய்ய வேண்டிய உதவியும் மயங்கும். மாரடைப்புற்றவரை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்லல் வேண்டும். துடிப்பு நின்றவர்க்கோ, வீழ்ந்த இடத்திலேயே மார்பை அழுத்துதல் வேண்டும். இம்முறையை அமெரிக்க அறிஞர் மூவர் 1960இல் வெளியிட்டனர். மின்னதிர்வு கிட்டாத ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறையும் என்பர். 2021 ஜூன் 12ஆம் நாள் கோபன்ஹேகன் திடலில் துடிப்பு நின்று வீழ்ந்த டென்மார்க் ஆட்டக்காரர் எரிக்சன், இவ்விரு உதவியும் உடனே கிட்டியமையால் பிழைத்தார். 2022இல் மீண்டும் ஆடினார்.

மலேசியாவில் 2020இல் மருத்துவர் சான்றளித்த இறப்புகளுள் நூற்றுக்கு 17, இதயக் குழாய் நோயால் நேர்ந்தவை. கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் 1992 முதல் இயங்கி வருகின்றது. ஆயினும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலோ கிள்ளான் கடைத்தெருவிலோ துடிப்பு நின்று வீழ்ந்தவர்க்கு, மருத்துவமனையை எட்டுமுன் கழியும் நிமிடங்களே உயிர்நாடி.

எனவே, காரணம் தெரியாதவிடத்து இதழ்கள் 'திடீரென இறந்தார்' என்று மட்டும் எழுதுக. ஆசிரியர்கள் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்திக் கற்பிக்க. அவற்றோடு 999 என்னும் எண்ணை அழைக்கவும், மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தவும் மாணவர்க்குப் பயிற்சி கிடைக்கச் செய்க.