சோ வீசிய கூக்ளி

மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் அரசியல் நையாண்டி என்று பேச்சு எழுந்தால், சோவின் ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தில் வந்துதான் நிற்கும். 1968-இல் மேடையேறியது. 1971-இல் படமும் ஆனது. இடையே 1970 பொங்கலுக்கு அவர் தொடங்கிய பத்திரிகைக்கும் ‘துக்ளக்’ என்றுதான் பெயர்.

நாடகத்தில், பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் துக்ளக் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்து, தேர்தலில் நின்று பிரதமராகிறார். இதே ஆளை வைத்து கிரீஷ் கார்னாட் 1964-இல் கன்னடத்தில் சோக நாடகம் எழுதியிருந்தார். சோ ஆடியது வேறு ஆட்டம்.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு. கிரிக்கெட் மொழியில் முன்னது பவுன்சர், பின்னது கூக்ளி. சோ இரண்டையும் வீசினார். விக்கெட் விழுந்தது கூக்ளியில்.

கட்சி தாவி வந்த அத்தனை பேரையும் துக்ளக் துணைப் பிரதமர் ஆக்கும் இடத்தைப் பாருங்கள். 1967 தேர்தலுக்குப் பின் வடக்கே கட்சித் தாவலால் ஆட்சிகள் கவிழ்ந்துகொண்டிருந்த காலம் அது. துக்ளக் யாரையும் திட்டுவதில்லை. பதவிக்காக வந்தவனுக்குப் பதவி தருகிறார், அவ்வளவுதான். மிகைதான் உத்தி, ஆனால் சொல்பவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இருக்கக் கூடாது. பாரசீகத்தைத் தேசிய மொழியாக்குவதும் இதே கணக்கு. 1965 மொழிப் போராட்டத்தின் சூடு ஆறாத ஊரில், இந்தி மொழியா ஆங்கிலமா என்ற வழக்குக்கு இரு தரப்புக்கும் தெரியாத மொழியே தீர்ப்பு! குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

பலவீனமும் உண்டு. பாத்திரங்கள் நின்ற இடத்தில் நின்றே பேசுகிறார்கள். அன்றைய தலைவர்களைக் குத்தும் வசனங்கள் இன்றைய கல்லூரி மாணவருக்கு விளக்கவுரை இல்லாமல் எட்டாது.

முடிவில்தான் பந்து உண்மையாகத் திரும்புகிறது. துக்ளக் வெறும் வேஷதாரி என்று கூட இருந்தவனே போட்டு உடைக்கிறான். கூட்டமோ வேஷதாரியைத்தான் நம்புகிறது. அதுவரை அரசியல்வாதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ரசிகர்தான் அவுட்.

இதை மீண்டும் மேடையேற்ற நினைக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய தலைவர்களை எடுத்துவிட்டுப் புதியவர்களைச் செருகாதீர்கள். ஆளைக் குத்தும் வசனங்களை வெட்டுங்கள். துணைப் பிரதமர் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள்.