எழும்பூரில் மெழுகு, மாமல்லையில் உளி

கல்யாணமான புதிதில் மாமல்லபுரம் போய்வராத சென்னை ஜோடியைப் பார்ப்பது அரிது. அதே ஜோடியிடம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள்" என்பார்கள். அன்று பார்த்தது திமிங்கில எலும்புக்கூடு. உலகமே கொண்டாடும் சோழர் வெண்கலங்கள் பாந்தியன் சாலையில், பஸ் ஏறினால் எட்டுகிற தூரத்தில் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம்கூட அந்தக் கூடத்தில் விரல் விட்டு எண்ணும் கூட்டம்தான். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

காலையில் எழும்பூர், பிற்பகலில் மாமல்லை என்று ஒரே நாளில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. திறந்ததும் நுழைந்துவிட்டால் உச்சிப்பொழுதுக்குள் முடித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கலாம். மாமல்லையின் பாறை வேலைகள் 7, 8ஆம் நூற்றாண்டுப் பல்லவருடையவை. கூடத்தின் பேர்பெற்ற வெண்கலங்கள் பின்னால் வந்த சோழர் காலத்தவை. வரலாறு இவ்வளவு போதும். முத்திரைகள், ஆயுதங்கள், எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டு என்பதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற விஷயங்கள். அதற்காகச் சிலையை விட்டுவிட்டுப் பலகையைப் படித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

சிலை முன்னால் நின்றதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வரி மெழுகில் விழுந்ததா, உலோகத்தில் விழுந்ததா?

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவத்தைப் பிடிப்பார்கள். அதன் மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுட, மெழுகு உருகி வெளியேறிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் அச்சு மிஞ்சாது. அதே சிலை இன்னொன்று பிறக்காது. இதுவரை எல்லாக் கையேட்டிலும் இருக்கும். கையேடுகள் சொல்லாமல் விடுவது இதற்கு அடுத்தது. நல்ல சோழ வார்ப்பில் ஆரம், அரைஞாண், ஆடை மடிப்பு என நுணுக்கங்களில் பெரும்பகுதியை மெழுகிலேயே முடித்துவிட்டார்கள். வார்த்த பிறகு உளிக்கு அதிக வேலை வைக்கவில்லை. காலம் போகப்போக உளிவேலை கூடியது. இன்று பட்டறைகளில் வார்ப்பு கரடுமுரடாக வெளிவந்து, முகம் உட்படப் பலதும் உளியால்தான் தெளிவு பெறுகின்றன.

இதைக் கண்ணால் பிடிக்க முடியும். மெழுகில் போட்ட வரிக்கு விளிம்பு மழுங்கியிருக்கும். விரல் அழுத்தம் கூடிக் குறைந்ததுபோல் ஆழமும் மாறிக்கொண்டே போகும். ஆரம் உடம்பின் மேல் தனியாக ஏற்றி வைத்ததுபோல் புடைத்துத் தோள் வளைவோடு சேர்ந்து சரியும். உளி வரி கூர்மையானது, ஒரே ஆழம், விளிம்பு விறைப்பு. உளியால் வெட்டிய நகை உடம்பில் கீறிய படமாகிவிடுகிறது. உளி வரி நிறைந்த சிலையைப் பார்த்து "என்ன நுணுக்கம்!" என்று வியப்பவர்கள் உழைப்பைப் பார்க்கிறார்கள், உருவத்தைப் பார்க்கவில்லை. நுணுக்கம் அதிகமானால் கலை உயர்ந்தது என்ற நினைப்பைப்போல் நம் ரசனையைக் கெடுத்தது வேறொன்றில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகமும் துடைப்பும் கண்ட சில சிலைகளில் முகம் தேய்ந்து, கண்ணையும் புருவத்தையும் பிற்காலத்தில் உளியால் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் மெழுகின் குழைவு, கண் மட்டும் விறைப்பு என்று தெரிந்தால் அங்கே நில்லுங்கள். இரண்டு காலத்துக் கைகள் ஒரே முகத்தில் இருக்கின்றன.

இருவராகப் போவதில் பெரிய லாபமிருக்கிறது. சுற்றிப் பார்க்க இடமுள்ள சிலைகளில் ஒருவர் முன்னால் நில்லுங்கள், மற்றவர் பின்னால் போங்கள். கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு இடம் மாறிக்கொள்ளுங்கள். என் மனைவி முதுகுப்புறத்திலிருந்துதான் தொடங்குவாள். பின்னல், முடிச்சு, இடுப்பு மடிப்பு என்று அவள் சொல்லிச் சொல்லித்தான் முன்பக்கம் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை விட்டுவிடாதீர்கள். 11ஆம் நூற்றாண்டு. ஆண் பக்கத்தில் இரண்டு கை, பெண் பக்கத்தில் ஒன்று. அந்தக் கணக்கு ஒரு நொடிகூட உறுத்துவதில்லை. ஒருபக்க இடுப்பு நேராக இறங்க, மறுபக்கம் வளைந்து வெளியே போகிறது. ஆனாலும் நடுவே ஒட்டுப்போட்ட கோடு எதுவும் தெரியாது. பாதியை ஆணாகவும் பாதியைப் பெண்ணாகவும் தனித்தனியே யோசித்தவரால் இதைச் செய்திருக்க முடியாது.

திருவாலங்காட்டு நடராசர் முன்னால் அணு, அண்டம், இயற்பியல் என்று பேசுபவர்கள் வருவார்கள். கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி 1918இல் எழுதிய புத்தகத்தின் பத்தாவது நகலைத்தான் அவர்கள் ஒப்பிக்கிறார்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சிலையின் உடம்பைப் பற்றி எழுதினார். 1921இல் அது அச்சானது. உதட்டையும் தொடையையும் நிழலையும் பற்றி எழுதிய அந்தச் சிற்பிக்குக் கண் இருந்தது. சிலை எத்தனை கோடி பெறும் என்று கேட்பவர்களைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

மெழுகில் தவறினால் இன்னும் கொஞ்சம் மெழுகு வைக்கலாம். கல்லில் எடுத்தது எடுத்ததுதான். காலையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு போனால் மாமல்லை வேறு ஊராகத் தெரியும். பஞ்ச ரதங்களில் தருமராச ரதத்தைப் பாருங்கள்: மேல்தளங்கள் முடிந்திருக்கின்றன, அடித்தளம் அரைகுறை. வேலை மேலிருந்து கீழே வந்திருக்கிறது. முடியாத குகைகளில் பாறையைக் கட்டம் கட்டமாகக் கீறி, ஒவ்வொரு கட்டமாக உடைத்து எடுத்த தடம் அப்படியே இருக்கிறது. முடிந்த குகைகளைவிட அவற்றில் எனக்கு அதிக நேரம் போகும்.

அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. பிற்பகலில் நேர் வெயில் விழாது, நிதானமாக நிற்கலாம். யானைகளைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். நீங்கள் கீழே தவம் செய்யும் பூனையைத் தேடுங்கள். கடற்கரைக் கோயிலை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். வறுத்த மீன், சிப்பி மாலை எல்லாம் அதற்கப்புறம்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். தபசுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. உள்ளே ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அந்த மாட்டின் கழுத்துத் திருப்பத்தில் ஒரு வரி அதிகமில்லை, ஒரு வரி குறைவில்லை. சற்றுத் தள்ளி வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் நின்று படம் எடுக்க வரிசை நீண்டிருக்கும். அது மனிதக் கை படாத கல். அதற்காக இந்தப் பசுவைத் தாண்டிப் போகிறவர்களை எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை.