அசையாத ஜிமிக்கி

கைவேலை நகை செய்பவரின் கைப்பக்குவத்தை, நகை கண்ணில் படுவதற்கு முன்பே அவர் கட்டி அனுப்பிய பார்சலில் பார்த்துவிடலாம். பெட்டி கைக்கு வந்ததும் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பது என் பழக்கம். உள்ளே சின்னச் சத்தம்கூட எழவில்லை என்றால், கட்டியவர் நம்மவர் என்று மனம் நிறைந்துவிடும்.

வழியில் நகைக்கு வரும் ஆபத்து என்றால் கூரியர் மூட்டையின் பாரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய ஆபத்து பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் மாணிக்கத்துக்கு 9, முத்துக்கோ 2.5 முதல் 4.5 வரைதான். இரண்டையும் ஒரே கவரில் போட்டுச் சென்னைக்கும் டெல்லிக்கும் குலுக்கினால், போய்ச் சேரும்போது முத்தின் மேனி மங்கியிருக்கும். ஆளுக்கொரு உறை என்பது இந்தக் கலையின் முதல் பாடம்.

அந்த உறையில் நம் நகைக்கடைகளின் ரோஸ் தாளுக்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை. நடுவில் தோட்டை வைத்து, கீழும் மேலும் மடித்து, இரு பக்கமும் உள்வாங்கி, ஒரு முனையை இன்னொன்றுக்குள் செருகிவிடுவார்கள். பசையும் கிடையாது, நூலும் கிடையாது. பிரிக்கும்போது அந்த அடர்ந்த ரோஸ் நிறத்தில் தங்கம் ஒரு மாற்றுக் கூடித் தெரியும். இத்தனை குறைந்த செலவில் இப்படியொரு அலங்காரத்தை வேறு யார் கண்டுபிடித்தார்கள்? ஈரம் பட்டால் சாயம் விடும் தாளும் உண்டு என்பதால் முத்தை மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றுவது நல்லது. முத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் மாதக்கணக்கில் அடைத்து வைப்பதும் கூடாது. அதற்குள் இருக்கும் கொஞ்ச ஈரமும் வற்றிப்போகும்.

வெள்ளிக்கு இதற்கு நேர்மாறு. காற்று படாமல் ஜிப் கவரில் போட்டு மூடினால்தான் அது பிழைக்கும். காற்றில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள்தான் வெள்ளியைக் கறுக்கவைக்கின்றன. இது தெரிந்தவர்கள் சேலத்துக் கொலுசை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டமாட்டார்கள்; ரப்பரை உறுதியாக்கச் சேர்ப்பதே கந்தகம்தான். ரப்பர் இருந்த இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்த கொலுசைப் பார்க்க வயிறு எரியும். கெட்டி அட்டையின் இரு முனையிலும் சிறு வெட்டு வெட்டி, கொக்கியை மாட்டி, கொலுசை நீட்டிப் படுக்கவைத்து, பருத்தி நூலால் இரண்டு இடத்தில் தைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்கும் விழாது, மணியும் நசுங்காது.

பபுள் ராப்பை 1957-இல் அமெரிக்காவில் சுவரில் ஒட்டும் தாளாகத்தான் முதலில் உருவாக்கினார்கள். அதற்கு நூறு வருஷம் முன்னால், 1856-இல், இங்கிலாந்தில் நெளிவுக் காகிதத்துக்குக் காப்புரிமை வாங்கியது உயரத் தொப்பிகளின் உட்புறத்தில் வைப்பதற்கு. இன்று இந்த இரண்டும் இல்லாமல் ஒரு நகை ஊர் தாண்டுவதில்லை. சுடுமண் நகை செய்கிறவர்கள் மட்டும் பபுள் ராப்பைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். அக்ரிலிக் வண்ணம் வெயிலில் இளகும். குமிழிகள் நேராகப் பட்டால் வட்ட வட்டமாகத் தடம் பதியும். ஒரு சுற்று பட்டர் பேப்பர், அதன் மேல் பபுள் ராப் என்பதுதான் சரி.

நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த வகையில் ஒரு முழு பரதநாட்டிய செட்டைக் கட்டி அனுப்புவது தனிக் கலை. நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, வங்கி, ஒட்டியாணம், ஜடைநாகம் என்று ஒன்றுக்கொன்று உருவமே சேராத உருப்படிகள். அருமையாகக் கட்டிய ஒரு செட்டைப் பிரித்த அனுபவம் எனக்கு உண்டு. தடித்த ஸ்பாஞ்சில் ஒவ்வொரு நகைக்கும் அதன் வடிவிலேயே பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஜடைநாகம் துண்டு துண்டாகக் கோத்தது, மடித்தால் மூட்டு திரும்பிக்கொள்ளும் என்பதால் பெட்டியே அதன் நீளத்துக்குச் செய்யப்பட்டிருந்தது. ஜிமிக்கியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குடையின் வயிற்றுக்குள் மெல்லிய தாளைக் கசக்கி உருட்டி வைத்து, விளிம்பில் தொங்கும் முத்துகளைச் சுற்றிலும் படுக்கவைத்து, தோட்டின் தண்டை அட்டையில் செருகிப் பின்னால் திருகைப் போட்டு முடுக்கியிருந்தார்கள். குடை நசுங்காது, முத்து ஆடாது, திருகும் தொலையாது. இத்தனைக்கும் பார்க்க அது காதில் தொங்குவது போலவே இருந்தது!

இந்த அழகுக்கு முன்னால் மினுமினுப்புத் தூளும், வண்ணக் காகிதச் சீவலும் எடுபடுவதில்லை. போதாக்குறைக்கு அந்தச் சீவல் கெம்புக் கல்லின் விளிம்பில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். பஞ்சும் அப்படித்தான், இழை இழையாகப் பிரிந்து கல் பிடியில் சிக்கும். அழகு வேண்டுமென்றால் சுங்குடித் துணியில் ஒரு சுருக்குப் பை போதும். கையால் எழுதிய இரண்டு வரி இருந்தால் இன்னும் நன்று. வெளிப்பெட்டியோ எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவு பத்திரம். அதன் மேல் நகை என்று எழுதுவதும் கடையின் பெயரைப் பளிச்சென்று அச்சடிப்பதும் திருடனுக்கு விலாசம் சொல்வது போல.

டேப் ஒட்டுவதிலும் கரிசனம் தெரியும். நுனியைக் கால் அங்குலம் உள்பக்கமாக மடித்து விட்டிருந்தால் விரலாலேயே பிடித்து இழுத்துவிடலாம். இல்லாவிட்டால் கத்தியைத் தேட வேண்டும். கத்தி உள்ளே இறங்கும் ஆழம் நம் கையில் இல்லை.

நாட்டியக்காரர்கள் அந்த ஸ்பாஞ்சுப் பெட்டியைத் தூக்கிப் போடுவதில்லை. கச்சேரி முடிந்து அலங்காரம் கலைக்கும்போது எந்தப் பள்ளம் காலியாக இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், மேடைக்குப் பின்னால் மறந்த மாட்டல் எது என்று தெரிந்துவிடும். வியர்வையை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, சற்று நேரம் ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மூலையில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்திருந்தார்கள், அதற்கும் அளவாக ஒரு பள்ளம் வெட்டி.