பரிந்துரைக் கடிதம் யாருக்காகப் பேசுகிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ். படிப்புக்கோ முனைவர் பட்டத்துக்கோ விண்ணப்பிக்கும் மாணவர் அனுப்ப வேண்டியவற்றில் பெரும்பாலானவை அவர் கையிலேயே இருக்கின்றன. மதிப்பெண் பட்டியல் அவர் வாங்கியது, நோக்க அறிக்கை அவர் எழுதுவது, ஆங்கிலத் தேர்வும், கேட்கும் இடங்களில் ஜிஆர்ஈயும் அவரே உட்கார்ந்து எழுதியவை. மூன்று பரிந்துரைக் கடிதங்கள் மட்டும் பிறர் கையில். மூன்று பேராசிரியர்களின் மின்னஞ்சல் முகவரியை விண்ணப்பத்தில் தர வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் இணைப்பு போகும். அவர்கள் கடிதத்தைப் பதிவேற்றுவார்கள். தாங்கள் பார்த்த மாணவர்களில் இவர் முதல் 1 சதவீதத்தில் வருகிறாரா, 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா என்று ஒரு கட்டத்திலும் பெரும்பாலும் குறிக்க வேண்டியிருக்கும். கெடு பொதுவாக டிசம்பரில். எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தால் இந்த வேலை 24 முறை நடந்தாக வேண்டும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் இது எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. "எல்ஓஆர் வேணும் சார்" என்று மாணவர் போய் நிற்பார். "டிராஃப்ட் எழுதிட்டு வாப்பா, பார்த்து அனுப்புறேன்" என்பார் ஆசிரியர். ஒரே மாணவர் மூன்று ஆசிரியர்களின் குரலில் தன்னைப் பற்றித் தானே மூன்று கடிதம் எழுதுவார். இதை ஏமாற்று என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த மாணவரையும் ஆசிரியரையும் அந்த இடத்துக்குத் தள்ளுவது எது என்று பார்க்காமல் இந்த வழக்கத்தை எடைபோட முடியாது.

முதலில் கடிதத்தின் பலம். பரிந்துரைக் கடிதம் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே பெரிய சாட்சி உண்டு. சீனிவாச ராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, தேர்வு முறையின் கணக்கில் அவர் தோற்றவர். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அவருக்காக எழுதினார். 1913இல் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டமே இல்லாத அந்த இளைஞருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ். அத்தனை கதவுகளும் மதிப்பெண்ணால் மூடப்பட்டு, மனிதர்களின் எழுத்தால் திறந்தவை.

ஆனால் வாக்கர் எதை வைத்து எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். குறிப்பேடுகளைத் தம் கண்ணால் பார்த்திருந்தார். அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து முதல்நிலையில் தேறியவர் என்பது பல்கலைக்கழகத்துக்குத் தெரியும். எழுதுகிறவருக்கு மாணவரின் வேலையைத் தெரிந்திருக்க வேண்டும், படிக்கிறவருக்கு எழுதியவரைத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு பத்திக் கடிதம் போதும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மூன்று பக்கக் கடிதம் வெறும் தாள்தான்.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கின்றன. நேதன் குன்செலும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பரிந்துரைக் கடிதத்துக்கும் மாணவர் பின்னால் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு பலவீனமானது. ஆனால் எடுத்த பட்டத்தை முடிப்பாரா என்ற கேள்வியில் மட்டும், மதிப்பெண்ணும் தேர்வும் சொல்லாத சிறு செய்தி ஒன்றைக் கடிதம் கூடுதலாகத் தந்தது. ஐந்தாறு ஆண்டு இழுக்கும் முனைவர் பட்டத்துக்கு அது அற்பமான செய்தி அல்ல. சோதனை தோற்ற மறுநாள் இவர் ஆய்வகத்துக்கு வந்தாரா என்பதை எந்தத் தேர்வும் அளக்காது. கூட நின்று பார்த்த ஒருவர் சொல்லலாம்.

கூட நின்று பார்ப்பதற்கு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்க ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் கோடை முழுவதும் வேலை செய்ய முடியும். அதற்கென்று அரசு நிதியில் நடக்கும் திட்டங்களே உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில், தன்னாட்சி பெறாத ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். பாடத்திட்டம் வகுப்பவர் ஆசிரியர் அல்ல. வினாத்தாள் எடுப்பவரும் அவர் அல்ல. செமஸ்டர் விடைத்தாள் பெயர் தெரியாமல் வேறொரு மையத்துக்குப் போய், முகம் அறியாத ஒருவரால் திருத்தப்படுகிறது. வகுப்பில் அறுபது பேர். இறுதி ஆண்டுப் பிராஜெக்ட்டை மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்கிறார்கள். தன் மாணவர் எழுதிய ஒரு செமஸ்டர் விடைத்தாளைக்கூடப் படிக்க வாய்ப்பில்லாத ஆசிரியரிடம், இவர் எப்படிச் சிந்திக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறது தூர தேசத்துப் பல்கலைக்கழகம். அவரால் எழுத முடியாது. சோம்பல் அல்ல, எழுத அவரிடம் சரக்கு இல்லை.

அதோடு தனியார் கல்லூரிகளில் ஆசிரியர்கள் அடிக்கடி இடம் மாறுகிறார்கள். மாணவரை உண்மையிலேயே அறிந்திருந்த பிராஜெக்ட் கைடு வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். கல்லூரியின் பெயரில் அமைந்த அவருடைய மின்னஞ்சலும் அதோடு போயிருக்கும். ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைப் பல பல்கலைக்கழகங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. ஆகவே அறிந்தவரை விட்டுவிட்டு, பதவியில் இருக்கும் எச்ஓடியிடம் போகிறார் மாணவர். மூன்று நான்கு ஆண்டு ஐ.டி. வேலையில் இருந்துவிட்டு விண்ணப்பிப்பவர் நிலை இன்னும் மோசம். வேலையை விடப் போகிறேன் என்று மேலாளரிடம் சொன்னால்தான் கடிதம். அட்மிட் கிடைக்காவிட்டால் அதே மேலாளரிடம்தான் பதவி உயர்வுக்கு நிற்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்தக் கடிதங்களைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டம் மாணவருக்குத் தந்த உரிமை அது. மாணவர் பார்க்க மாட்டார் என்றால்தான் ஆசிரியர் மனம்விட்டு எழுதுவார் என்பது நம்பிக்கை. ஆகவே ஏறக்குறைய எல்லோரும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள். நம் மாணவரும் அந்தக் கட்டத்தில் குறியிட்டு விட்டுக்கொடுக்கிறார், தாமே எழுதிய கடிதத்தைப் பார்க்கும் உரிமையை. அந்த இடத்தில் முழு ஏற்பாட்டின் அடித்தளமே இல்லாமல் போகிறது. இருபத்தொரு வயதுப் பிள்ளை மேற்படிப்புக்குள் நுழையும் முதல் அடியிலேயே, உண்மை அல்லாத ஒன்றை உண்மைபோல் எழுதப் பழகுகிறது. எனக்கு இதில் மிகவும் வலிப்பது இதுதான்.

உண்மையாகவே ஆசிரியர் எழுதினாலும் சிக்கல் தீர்வதில்லை. புகழ்வதற்கு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. நம் ஆசிரியர் மனமார ஒருவரைப் பாராட்டும்போது ஒழுக்கமானவர், சொன்னதைக் கேட்பவர், கடினமாக உழைப்பவர் என்பார். 'பத்தாண்டில் நான் கண்ட மிகச் சிறந்த மாணவர்' போன்ற உச்சங்களைப் படித்துப் பழகிய அமெரிக்கக் குழுவுக்கு, கடின உழைப்பாளி என்ற பாராட்டு வேறு விதமாகக் கேட்கும்: திறமை போதாது, உழைத்துச் சமாளிக்கிறார். பெண்களுக்கு இது அமெரிக்காவுக்குள்ளேயே நடந்திருக்கிறது. ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களை ஃப்ரான்செஸ் ட்ரிக்ஸ், கேரொலின் செங்கா இருவரும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவையாக இருந்தன. அவற்றில் உழைப்பைப் பற்றிய பேச்சு கூடுதல், ஐயத்தைக் கிளப்பும் சொற்களும் கூடுதல். புவி அறிவியல் ஆய்வுப் பணிகளுக்கு 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 கடிதங்களை ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு, மிகச் சிறந்த கடிதம் கிடைக்கும் வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழப் பாதியே என்று கண்டது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பது இதை மாற்றவில்லை.

இந்த நிலையில்தான் கடிதத்தின் எடை இன்னும் ஏறியிருக்கிறது. 2014இல் கேசி மில்லரும் கெய்வன் ஸ்டாசனும் 'நேச்சர்' இதழில் ஜிஆர்ஈயை எதிர்த்து எழுதினார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துக் கழிப்பது பெண்களையும் சிறுபான்மையினரையும் வெளியே தள்ளுகிறது என்பது வாதம். பின்னர் பல துறைகள் ஜிஆர்ஈயைக் கைவிட்டன. 2020ஐ ஒட்டிய தொற்றுக் காலத்தில் அது இன்னும் வேகம் பிடித்தது. அவர்கள் சொன்ன அநீதி உண்மையானது. மாற்று வாதமும் வலுவானது: குறைந்த ஜிஆர்ஈயோடு சேர்க்கப்பட்டவர்கள் வேறு சிறப்புகளால் சேர்க்கப்பட்டவர்கள், ஆகவே சேர்ந்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வு எதையும் கணிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது என்று இயற்பியலாளர் மைக்கேல் வைஸ்மன் 2020இல் எழுதினார். நான் அந்த வழக்கைத் தீர்க்க வரவில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். யாரும் கேள்விப்படாத கல்லூரியில் படித்த திருவண்ணாமலை மாணவிக்கு, யாருடைய தயவும் இல்லாமல் தன்னைக் காட்ட அந்தத் தேர்வு ஒரு வழியாக இருந்தது. 200 டாலருக்கு மேல் கட்டணம், உண்மைதான், பெரும் சுமைதான். ஆனால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று கடிதங்களை வைத்தால் பயன் பெறுவது யார்? பெயர்பெற்ற நிறுவனத்தில், பெயர்பெற்ற பேராசிரியரின் அருகில் இருக்க வாய்த்தவர். ஜூலி போசெல்ட் பத்து முனைவர் பட்டத் துறைகளின் சேர்க்கைக் குழுக்களைக் கூடவே இருந்து கவனித்து, 2016இல் நூலாக வெளியிட்டார். பழக்கமான நிறுவனப் பெயர்களின்மீது குழுக்கள் எவ்வளவு சாய்கின்றன என்பதை அதில் காணலாம்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு அழகாக எழுதப்பட்ட கடிதத்துக்கும் தனி மதிப்பு இல்லாமல் போயிற்று. இனி கடிதத்தில் எஞ்சும் மதிப்பு, எழுதியவர் தம் கண்ணால் பார்த்த குறிப்பான செய்தியில் மட்டுமே.

ஆகவே படிப்பைப் பொறுத்துக் கடிதம் கேட்க வேண்டும். வகுப்பில் அமர்ந்து பாடம் படித்து, சொந்தப் பணத்தில் கட்டணம் கட்டி, ஒன்றரை இரண்டு ஆண்டில் முடிக்கும் எம்.எஸ். படிப்புக்கு மூன்று கடிதம் கேட்பதில் எந்த நியாயமும் இல்லை. ஒன்றுகூடத் தேவையில்லை என்பேன். ஜெர்மனியில் பல முதுகலைப் படிப்புகளில் மதிப்பெண்ணை அவர்கள் நாட்டு அளவுக்கு மாற்றிப் பார்ப்பதே முதன்மையான அளவுகோல். கெடுபிடியாக மதிப்பெண் போடும் கல்லூரியில் படித்தவருக்கு அதில் இழப்பு உண்டு. ஆனால் அங்கே பொய் எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை. முனைவர் பட்டத்துக்குக் கடிதம் வேண்டும். அதையும் எல்லோரிடமும் முதலிலேயே கேட்காமல், முதல் கட்டத்தில் தேறியவர்களிடம் மட்டும் கேட்கலாம். ஆசிரியர்களுக்கு வேலை குறையும், எழுதும் கடிதத்தில் கவனம் கூடும். 'இவர் செய்த எந்த வேலையை நேரில் பார்த்தீர்கள்? அதில் எங்கே தடுமாறினார், என்ன செய்தார்?' என்று இரண்டு கேள்வி கேட்டாலே போதும். அடைமொழிகள் தாமாக உதிரும். அதோடு ஒரு கால்மணி நேரக் காணொளி உரையாடல் வைத்தால், மாணவர் செய்த பிராஜெக்ட் அவருடையதுதானா என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் விதி மாறும்வரை இங்கே ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாணவரை ஆழமாக அறியாத ஆசிரியரும் நேர்மையாக, பயனுள்ளதாக எழுதலாம். மாணவரைப் பற்றி இல்லாவிட்டாலும் அவர் படித்த இடத்தைப் பற்றி ஆசிரியருக்குத் தெரியும். அறுபது பேர் வகுப்பில் இவர் எத்தனையாவது, நம் பல்கலைக்கழகத்தில் 8.5 சராசரி என்பது எவ்வளவு அரிது, கல்லூரி ஆய்வகத்தில் என்னென்ன இருந்தன, எவை இல்லை, இவர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவரா, வீட்டில் முதல் பட்டதாரியா, முதல் செமஸ்டரில் விழுந்த அரியர் எந்தப் பாடத்தில், எப்போது எழுந்தார் என்பவை மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் அயல்நாட்டுக் குழுவுக்கு ஒருபோதும் தெரியாதவை. மாணவர் தாமே சொன்னால் சாக்குப்போலத் தொனிக்கக்கூடியவை. பத்து நிமிடம் மாணவரை உட்காரவைத்துப் பேசினால் இத்தனையும் கிடைக்கும். அரைப் பக்கம் போதும், ஆசிரியரின் சொந்த ஆங்கிலத்தில், பிழை இருந்தாலும் பரவாயில்லை. கட்டத்தில் 'முதல் 1 சதவீதம்' என்று குறிக்க வேண்டியதில்லை. 'மதிப்பிடும் அளவுக்கு இவரை அறியேன்' என்று குறிக்கவும் பல படிவங்களில் இடம் இருக்கிறது.