பார்சலில் வந்த இத்தாலி

ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான அபிப்பிராயங்கள்தான் வழங்குகின்றன. ஒன்று, 'நன்றாக இருந்தது, வயிறு நிறைந்தது' என்பது. மற்றது, 'இது அசல் இல்லை' என்பது. முதலாவதைச் சொல்லுகிறவர் ரசிகர் என்றும், இரண்டாவதைச் சொல்லுகிறவர் விமரிசகர் என்றும் பெயர் வாங்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே விமரிசனம் ஆகாது. வயிறு நிறைவதற்கு ருசி வேண்டும் என்று கட்டாயமில்லை. 'அசல் இல்லை' என்ற தீர்ப்பையோ, பண்டத்தை வாயில் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாம்.

சென்ற குளிர்காலத்தில் நியூயார்க் நகரத்துப் புரூக்லினில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள் இரவு, வீட்டு அம்மாளுக்கு அடுப்பிலிருந்து ஓய்வு கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. நாலைந்து தெரு தள்ளி ஒரு சின்ன இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. ஆறு மேஜைகள், ஒரு கல்லா, பின்னால் அடுப்பு, அவ்வளவுதான் கடை. ஐந்து பண்டங்கள் பார்சல் வாங்கினோம்: பீட்ஸா, தக்காளிக் குழம்பு விட்ட ஸ்பகெட்டி, கோழி பார்மிஜானா, கத்திரிக்காய் பார்மிஜானா, பூண்டு முடிச்சு. கடைக்கும் வீட்டுக்கும் பதினைந்து நிமிஷ நடை. அந்தப் பதினைந்து நிமிஷத்தைப் பற்றித்தான் எழுத உத்தேசம்.

அதற்கு முன்னால் 'அசல்' விவகாரத்தை முடித்துவிடலாம். அன்று விருந்துக்கு வந்திருந்த ஒருவர் இத்தாலியில் இரண்டு வருஷம் இருந்தவர். கோழியைப் பார்த்ததுமே, 'இத்தாலியில் இப்படி ஒரு பண்டமே கிடையாது' என்றார். வாஸ்தவம். ஆனால் ஏன் கிடையாது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 1880க்கும் 1924க்கும் நடுவில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலோர் தெற்கத்தி ஏழைகள். சொந்த ஊரில் இறைச்சி என்பது பண்டிகைச் சமாசாரம். புது நாட்டில் கூலி வாங்கிய கையால் இறைச்சி வாங்க முடிந்தது. கத்திரிக்காய் இருந்த இடத்தில் கன்றிறைச்சியும் கோழியும் வந்து உட்கார்ந்தன. ஸ்பகெட்டியின்மேல் எலுமிச்சம்பழம் பெரிதுக்கு இறைச்சி உருண்டைகள் ஏறிக்கொண்டன. இதைப் போலி என்று சொன்னால், அந்த ஜனங்கள் முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்ட சாப்பாட்டைப் போலி என்று சொன்னதாகும். நான் அதற்குத் தயாராயில்லை.

அசலாவது எவ்வளவு தூரத்துக்கு அசல்? கத்திரிக்காய் நம் ஆசியக் கண்டத்திலிருந்து அராபியர் கை வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போனது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நேப்பிள்ஸில் 1690களில் அந்தோனியோ லத்தீனி என்பவர் அச்சிட்ட சமையல் புத்தகத்தில் தக்காளிச் சாறு ஒன்றுக்குக் குறிப்பு இருக்கிறது. அவர் அதற்கு வைத்த பெயரே 'ஸ்பானிய முறை' என்பதுதான். 1891இல் பெல்லக்ரீனோ அர்த்தூஸி வெளியிட்ட பிரசித்தி பெற்ற புத்தகத்தில் 'நேப்பிள்ஸ் பீட்ஸா' என்ற தலைப்பில் இருப்பது ஒரு தித்திப்புப் பண்டம்! ஆகவே, ஊர் விட்டு ஊர் வந்ததைக் குற்றமாகச் சொன்னால் இத்தாலியச் சமையலில் மிஞ்சுவது அதிகமில்லை.

பின் எதை வைத்து மதிப்பிடுவது? பார்சல் சாப்பாட்டுக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. சமைத்தவன் அந்தப் பதினைந்து நிமிஷத்தை மனத்தில் வைத்துச் சமைத்தானா? மேஜையில் பரிமாறுகிற சமையற்காரனுக்குத் தட்டு கை மாறுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. பார்சல் கட்டுகிறவனுக்கு வேலை அங்கேதான் பாதி. நம் ஊரில் கட்டுச்சோறு கட்டினவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ரயிலுக்கு ரசஞ்சாதம் கட்டிக்கொண்டு போனவர் யாருமில்லை; புளியோதரைதான் போயிற்று. காலையில் கிளறியதைவிட மத்தியானம் அதற்கு ருசி கூடுதல்.

இந்த அளவுகோலால் பார்த்தால், அன்று மிக மோசமாக இருந்தது ஸ்பகெட்டி. விறைப்பு மாறாமல், பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் கொடுக்கும் பதத்தில் அதை இறக்க வேண்டும் என்பது இத்தாலியர் விதி. விதிப்படியே இறக்கியிருந்தாலும் மூடிய டப்பாவுக்குள் சூடும் ஈரமும் அதை விடாமல் வேகவைத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் திறந்தபோது குழம்பு முழுவதையும் இழை குடித்துவிட்டு, பொம்மென்று ஊதி, ஒரே கட்டியாகக் கிடந்தது. குழம்பைத் தனியாகக் கொடுத்திருந்தால் கொஞ்சம் பிழைத்திருக்கும்.

பீட்ஸாவின் கதை வேறு. பிறந்த ஊரில் அது தெருப் பண்டம். நேப்பிள்ஸில் தகர அடுக்கைத் தலையில் சுமந்துகொண்டு சந்து சந்தாக விற்றார்கள். வாங்கினவர் நாலாக மடித்து, நின்ற இடத்திலேயே தின்று முடித்தார். ஆகையால் அதன் ஆயுள் குறுகியது. சுமார் 430 டிகிரிச் சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து, ஆறுவதற்குள் தீர்ந்துவிட வேண்டியது. 1984இல் அந்த ஊரார் சங்கம் வைத்து இதற்கெல்லாம் விதி எழுதினார்கள். புரூக்லின் பீட்ஸாவோ குறைந்த சூட்டில் சில நிமிஷம் அதிகமாகக் கிடந்து, சற்று உலர்ந்து வருவது. பெட்டிக்குள் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். இருந்தாலும் ஆவி போக வழியில்லாவிட்டால் எந்த ரொட்டியும் நனைந்த காகிதமாகிவிடும். எங்களுடையது அடியில் நமுத்திருந்தது. வீட்டு அம்மாள் துண்டுகளைத் தோசைக்கல்லில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்தார். அடிப்பக்கம் மறுபடி மொறுமொறுத்தது. மிஞ்சிய மாவை முடிச்சுப் போட்டுச் சுட்டு, பூண்டும் எண்ணெயும் தடவுகிற பூண்டு முடிச்சும் அதே கல்லில் உயிர் பெற்றது.

கோழி நடுத்தரம். ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்ததன் மொறுமொறுப்பு வழியிலேயே போய்விட்டது. சதை மட்டும் காயாமல் இருந்தது.

கத்திரிக்காய் பார்மிஜானாதான் அன்றைய வெற்றி. வில்லைகளைப் பொரித்து, தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுட்டது. இதில் காப்பாற்ற வேண்டிய மொறுமொறுப்பு எதுவுமில்லை. அடுக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து படிய நேரம் கொடுத்தால் இன்னும் நன்றாகும் பண்டம் இது. இத்தாலியிலேயே ஆறவைத்தும், மறுநாள் வைத்தும் சாப்பிடுகிறார்கள். பதினைந்து நிமிஷ நடை இதற்கு உபகாரமே செய்திருந்தது. குழம்பில் புளிப்பும் தித்திப்பும் அளவாக இருந்தன. எண்ணெய் கசியவில்லை. சமையலறையில் இருப்பவருக்குக் கை இருக்கிறது என்பதற்கு இது ஒன்றே சாட்சி.

கை இருக்கிறவர் ஸ்பகெட்டியை ஏன் டப்பாவில் அடைத்து அனுப்புகிறார்? கேட்கிறவர்கள் இருப்பதால்தான். 2020இல் கொள்ளைநோய் வந்து மேஜைகளை மூடியபோது இத்தகைய கடைகள் பார்சலைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் வைத்திருந்தன. கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனிகள் அதில் பங்கு கேட்டன. அந்தச் சேவைக்கான கட்டணம் விலையில் 15 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று நியூயார்க் நகரசபை அந்த வருஷமே வரம்பு கட்ட வேண்டியிருந்தது. இப்படி நெருக்கப்பட்ட கடைக்காரர் எந்தப் பண்டத்தையும் 'இல்லை' என்று சொல்லத் துணியமாட்டார். மேஜைக்காக எழுதிய பட்டியலை அப்படியே பெட்டிக்கும் கொடுத்துவிடுகிறார். நாடகத்தை ஒரு வரி மாற்றாமல் அச்சடித்து நாவல் என்று விற்பதைப் போன்ற காரியம் இது. எழுத்து மோசமாயிருக்க வேண்டியதில்லை. உருவம் மாறியதைக் கவனிக்காதது போதும், கெட்டுப்போவதற்கு.

இதில் சாப்பிடுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. கல்லாவில் நின்று 'இது அசலா?' என்று கேட்கிறோம். அவரும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்கிறார். 'வீடு போய்ச் சேர்வதற்குள் எது கெடாது?' என்று கேட்டால் அவர் சிறிது யோசிப்பார். யோசித்து உண்மையான பதிலைச் சொல்லுவார் என்றே நம்புகிறேன். அவர் பட்டியலைப் பாதியாகக் குறைத்து, நடந்து வரக்கூடியவற்றை மட்டும் பார்சலுக்கு வைத்தாரானால் அந்தப் பேட்டைக்கே நன்மை. ஸ்பகெட்டி வேண்டுமென்றால் கடைக்கே போய் உட்கார்ந்து சாப்பிடட்டுமே. ஆறு மேஜைகள் இருக்கின்றன.