ஐஸ் உருகினால் வெள்ளியா? வெள்ளிக் காசு சோதனைகள் பற்றி ஒரு விமர்சனம்

மேலூரில் இருக்கும் என் சித்தப்பா போன வருடம் ஆன்லைனில் 20 விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் வாங்கினார். பேத்தி காதுகுத்துக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க. எங்கள் அப்பத்தா சுருக்குப் பையில் வைத்திருந்த காசு மாதிரியே வேண்டும் என்று தேடித் தேடி வாங்கினார்.

பார்சல் வந்த அன்றைக்கே எனக்குப் போன். காந்தத்தில் ஒட்டவில்லை, தட்டினால் மணி மாதிரி சத்தம் வருகிறது, வேறு என்ன பார்க்கணும் என்று கேட்டார். எங்கோ ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகத்தில், காசு மேல் ஒரு ஐஸ் கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஏப்பா, வச்ச உடனே உருகுதே. நல்ல காசுதானே?"

"நல்ல காசுதான் சித்தப்பா."

இரண்டு மாதம் கழித்து, தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு கடையில் காசின் ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்தார்கள். உள்ளே சிவப்பு. செம்பு மேல் வெள்ளி முலாம். இருபதும் அப்படித்தான். திருப்பி அனுப்பும் கெடு எப்போதோ முடிந்துபோயிருந்தது.

விற்றவன் ஏமாற்றினான், சரி. ஆனால் "நல்ல காசு" என்று சொன்னது நான். அதனால் அந்தச் சோதனைகளையே ஒவ்வொன்றாக எடுத்து, அவை உண்மையில் எதைச் சோதிக்கின்றன என்று பார்த்தேன். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

காந்தம்

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. உண்மை. செம்பும் ஒட்டாது. பித்தளை, ஈயம், துத்தநாகம், ஜெர்மன் சில்வர் எதுவும் ஒட்டாது. போலிக் காசு செய்கிறவன் பயன்படுத்துவது பெரும்பாலும் இந்த உலோகங்களைத்தான். ஆக, காந்தம் பிடித்துக் கொடுப்பது இரும்பில் காசு அடித்த சோம்பேறியை மட்டும். காந்தத்தைக் காசு மேல் சரியவிட்டு வேகம் பார்ப்பது கொஞ்சம் பரவாயில்லை. நல்ல மின்கடத்தியின் மேல் சக்தி வாய்ந்த காந்தம் மெதுவாக இறங்கும். பித்தளையில் வேகமாக இறங்கிவிடும். ஆனால் செம்பிலும் அது மெதுவாகத்தான் இறங்கும்.

ஐஸ்

நான் சிபாரிசு செய்தது. உலோகங்களில் வெப்பத்தை அதிகம் கடத்துவது வெள்ளி, அதனால் ஐஸ் சீக்கிரம் உருகும் என்பது வாதம். எண்களைப் பார்ப்போம். வெள்ளியின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 430, செம்புக்குச் சுமார் 400 (வாட்/மீட்டர்-கெல்வின்). சமையலறை மேடையில் ஐஸ் கட்டியை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிரிக்க முடியாது. அப்பத்தாவின் காசு இரண்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் ஒன்றையும் சித்தப்பாவின் காசு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஐஸ் ஒரே மாதிரி உருகியது. செம்பை வெள்ளி என்று சொல்லும் சோதனையை, செம்புப் போலிக்கு எதிராகச் சிபாரிசு செய்திருக்கிறேன்!

சத்தம்

இது கொஞ்சம் உருப்படியானது. ஈயம் கலந்தால் மந்தமாக 'டக்' என்று அடங்கிவிடும். ஆனால் ஒலி காசின் அளவு, தடிமன், உலோகம் மூன்றையும் பொறுத்தது. நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துத் தட்டினால்தான் அர்த்தம். காதுக்கு இனிமையாக இருக்கிறது என்பதெல்லாம் சான்று இல்லை. செம்பும் நன்றாகத்தான் பாடும்.

என் தொழிலில் மென்பொருளைச் சோதிக்கும்போது முதலில் கேட்கிற கேள்வி, "இந்த டெஸ்ட் எந்தப் பிழையைப் பிடிக்க எழுதப்பட்டது?" என்பது. பிழையே வராத இடத்தில் நூறு டெஸ்ட் எழுதி, எல்லாம் பாஸ் என்று சொன்னால் மேனேஜர் வேண்டுமானால் சந்தோஷப்படுவார். வீடியோக்களில் வரும் வெள்ளிச் சோதனைகளின் கோளாறும் இதுதான். தோற்றால் காசு போலி. தோற்கவில்லை என்றால் எதுவுமே நிரூபணமாகவில்லை. நாம்தான் அதை "பாஸ்" என்று எடுத்துக்கொள்கிறோம்.

அப்போ எதைப் பார்ப்பது?

முதலில், பத்துப் பைசா செலவில்லாமல் படத்திலேயே பார்க்கக்கூடியது: எழுத்தும் வருடமும். விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று டெல்லி தர்பாரில் அறிவிக்கப்பட்டது 1877 ஜனவரி 1 அன்று. அந்த வருடத்திலிருந்து ரூபாயில் 'விக்டோரியா எம்பிரஸ்' என்று வரும், 1901 வரை. அதற்கு முன்னால் 'விக்டோரியா குயின்'. 1862 என்ற ஒரே வருடத்தைப் போட்டே பல ஆண்டுகள் அடித்தார்கள். பிறகு 1874, 1875, 1876 என்று வருடம் மாறி வந்தது. ஆக, 'குயின்' என்று எழுதி 1885 என்று வருடம் போட்ட ரூபாய் இருக்கவே முடியாது. சித்தப்பாவின் கட்டில் அப்படி நான்கு காசு இருந்தது. விற்பனைப் படத்தில்கூட ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் ராணி முகத்தைத்தான் பார்த்தோம்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் உருவம் போட்டு 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று விற்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். கம்பெனி அப்படிப் புழக்கத்துக்கு நாணயம் வெளியிட்டதே இல்லை. அசலே இல்லாததற்கு எது போலி, எது நல்லது?

இன்னொரு விஷயம். காசு அசலாகவே இருந்தும் ஏமாறலாம். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் அது 50 சதவீதமாகக் குறைந்தது. 1947-ல் வந்த ரூபாய் முழுக்க நிக்கல், வெள்ளியே கிடையாது. 1944-ம் வருடக் காசை "பழைய வெள்ளி ரூபாய்" என்று விற்பவர் பொய் சொல்லவில்லை, பாதி உண்மை சொல்கிறார். வெள்ளி விலை ஏறிக்கிடக்கும்போது அந்தப் பாதி பெரிய தொகை.

அடுத்தது எடையும் கன அளவும். ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள். எடை போடுவார்கள் என்று போலி செய்கிறவனுக்கும் தெரியும். சித்தப்பாவின் காசு 11.6 கிராம் சரியாக இருந்தது, கொஞ்சம் தடிமனாக. செம்பு வெள்ளியைவிட லேசு. எடையைச் சரிக்கட்ட அளவைக் கூட்டித்தான் ஆகவேண்டும். அவன் மாட்டுவது அங்கேதான்.

செய்முறை இது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். சமையலறைத் தராசு போதாது. ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு காட்டும் கிராம்தான் காசின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 91.7 சதவீத வெள்ளி என்றால் 10.3-க்குப் பக்கத்தில் வரவேண்டும், சுத்த வெள்ளிக்கு 10.49. அப்பத்தாவின் காசுக்குத் தண்ணீரில் 1.13 வந்தது. சித்தப்பாவின் காசுக்கு 1.30. வகுத்தால் 8.9. செம்பின் அடர்த்தி 8.96. அன்றைக்கே இதைச் செய்திருந்தால் பணம் திரும்ப வந்திருக்கும்.

இதுவும் முழு நிரூபணம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாலிப்டினத்தின் அடர்த்தி 10.28. செம்போடு கனமான ஈயத்தை அளவாகச் சேர்த்தாலும் வெள்ளியின் அடர்த்திக்குக் கொண்டுவரலாம். ஆனால் ஈயம் ஒலியில் மாட்டும். கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே மெஷினுக்கும் எல்லை உண்டு. அது படிப்பது மேல்தோலை மட்டும். முலாம் தடிமனாக இருந்தால் 'வெள்ளி' என்றே சொல்லும். அதனால்தான் அனுபவமுள்ள கடைக்காரர் மெஷின் இருந்தும் அரத்தைக் கையில் எடுக்கிறார்.

வெளிநாடுகளில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். கனடாவின் மேப்பிள் லீஃப் வெள்ளிக் காசில் 2014 முதல் மிக நுண்ணிய ஆரக் கோடுகள், பிறகு லேசரால் பொறித்த குட்டி முத்திரை. அமெரிக்காவின் சில்வர் ஈகிளில் 2021-ல் வந்த புதிய வடிவத்தில் விளிம்பு வரிகளில் ஒன்று வேண்டுமென்றே விடுபட்டிருக்கும். சோதனை காசுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே பெரும்பாலும் அட்டையையும் பிளாஸ்டிக் உறையையும் நம்புகிறோம். உறையை அச்சடிப்பது காசு அடிப்பதைவிட எளிது. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைகளுக்கும் தனி அடையாள எண்ணோடு ஹால்மார்க் வந்திருக்கிறது. நல்ல விஷயம், ஆனால் கட்டாயம் இல்லை. 1885-ம் வருடத்துக் காசுக்கு அது உதவப்போவதும் இல்லை.

சங்க காலத்தில் நாணயம் சோதிப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று புலவர் ஒருவரே இருந்திருக்கிறார். காசு பார்ப்பது அப்போதே தனித் தொழில் என்றால், அதை முப்பது நொடி வீடியோவில் கற்றுக்கொண்டதாக நான் நினைத்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம்!

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்லும் வரிசை: முதலில் படத்தில் வருடமும் எழுத்தும். பிறகு, வாங்கும் முன்னாலேயே தெரிந்த கடைக்காரரிடம், "இதை நீங்க திருப்பி எடுத்துப்பீங்களா, என்ன கழிவு?" என்ற கேள்வி. வந்ததும் எடை, தண்ணீர், ஒலி. திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் கடையில் ஒரு பார்வை. ஐஸை ஜூஸில் போட்டுக்கொள்ளுங்கள்.

காதுகுத்து நடந்தது. அப்பத்தாவின் இரண்டு காசையும் தட்டில் வைத்துக் கொடுத்தோம். சித்தப்பா கடைசி நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டு, "இதைத் தண்ணியில போட்டுப் பாத்துட்டியா?" என்று கேட்டார். பார்த்துவிட்டேன் என்றேன்.